பட்டம் பெறாத முதல்வர்: வால்டர் வில்லியம்ஸ்

எழுத்தைக் கற்பிக்க இயலுமா என்னும் வினா நம் வட்டத்தார்க்குப் புதியதன்று. கவிஞன் பிறக்கிறானா, ஆக்கப்படுகிறானா என்று வாதிடாத கவியரங்கம் அரிது. கவிதையைப் பொறுத்தவரை அவ்வாதம் அரங்கத்தோடு முடிந்துவிடும். அவரவர் தத்தம் வழியில் எழுதப் போய்விடலாம். செய்தித்தாளைப் பொறுத்தவரை அப்படி விட்டுவிட இயலாது. பிழையான கவிதை, எழுதியவன் பெயரைத்தான் கெடுக்கும். பிழையான செய்தி பிறர் பெயரைக் கெடுக்கும்; சில வேளைகளில் உயிரையும் வாங்கும். ஆகவே இதழாளனை எங்கே, யார், எவ்வாறு பயிற்றுவிப்பது என்னும் வினாவுக்கு ஒரு சமுதாயம் விடை கண்டே தீர வேண்டியிருக்கிறது.

அவ்விடையைத் தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் வால்டர் வில்லியம்ஸ். அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள மிசூரி மாநிலத்தில், மக்கள் வரிப்பணத்தால் நடைபெற்ற பெரும் பல்கலைக்கழகம் ஒன்றில், 1908ஆம் ஆண்டு இதழியலுக்கெனத் தனிப் பள்ளி கண்டவர். உலகின் முதல் இதழியல் பள்ளி என்று அது போற்றப்படுகிறது. அப்பள்ளியின் முதல்வராகவும், பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் அமர்ந்தவர் அவர். ஆனால் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டி எந்தக் கல்லூரியிலும் ஒரு நாள்கூட மாணவராக அமர்ந்தவரல்லர். பட்டம் பெறாத ஒருவர் பட்டம் வழங்கும் பள்ளியைக் கட்டினார் என்பது அவர் வாழ்க்கையின் முதல் வியப்பு. அவர் கட்டிய பள்ளி, அவர் எழுதிவைத்த அறத்தின்படியே ஒரு நாள் கேள்விக்குள்ளாயிற்று என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் வரலாறு முழுமை பெறும்.

அச்சுக்கூடமே கல்லூரி

மிசூரி ஆற்றின் கரையில் பூன்வில் என்றோர் ஊர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்க காலப் போர்களுள் ஒன்று 1861ஆம் ஆண்டு சூன் மாதம் அவ்வூரில் நிகழ்ந்தது. போர் இன்னும் ஓயாத 1864ஆம் ஆண்டு சூலை 2ஆம் நாள் வால்டர் வில்லியம்ஸ் அங்குப் பிறந்தார். பதின்பருவத்திலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். பள்ளிப் படிப்பை முடித்தவுடன், மேலே படிக்க வழியின்றி உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றின் அச்சுக்கூடத்தில் எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்தார். வாரக் கூலி ஒரு டாலருக்கும் குறைவு.

அக்காலத்து அச்சுக்கூடத்தில் எடுபிடியின் வேலை நம்மிற் பலர்க்குத் தெரிந்ததே. ஈய எழுத்துகளும் கைப்பொறியும் நம் ஊர்களில் மறைந்து நெடுங்காலம் ஆகிவிடவில்லை. தரையைக் கூட்ட வேண்டும். உருளைக்கு மை தடவ வேண்டும். அச்சேறிய பக்கத்தைக் கலைத்து, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். அச்சுக் கோப்பவன் சொற்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தலைகீழாகப் படிக்கப் பழக வேண்டும். அப்படிப் படிப்பவன் சொல்லை மேலோட்டமாகக் கடந்து போக முடியாது. எழுத்தெழுத்தாகத் தொட்டுத்தான் போக வேண்டும். வேண்டாத சொல் ஒன்று வந்தால் அதற்குரிய ஈயத்தையும் உழைப்பையும் வீணாக்கியவன் அவனே. சிக்கனமாகவும் பிழையின்றியும் எழுத வேண்டும் என்னும் பாடத்தை இளைஞர் வில்லியம்ஸ் விரல்நுனிகளால் கற்றார் எனலாம்.

இருபது வயதளவில் பூன்வில் இதழின் ஆசிரியப் பொறுப்பு அவரிடம் வந்தது. 1889ஆம் ஆண்டு மிசூரி மாநில இதழாளர் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது வயது இருபத்தைந்தே. அவர் திறத்தைக் கண்ட ஸ்டீபன்ஸ் என்னும் பதிப்பாளர், கொலம்பியா நகரிலிருந்து தாம் வெளியிட்டு வந்த 'ஹெரால்டு' என்னும் வார இதழுக்கு ஆசிரியராக அவரை அழைத்துக் கொண்டார். இக்கொலம்பியா மிசூரி மாநிலத்துச் சிறு நகரம். நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தோடு இதனைக் குழப்பிக் கொள்ளலாகாது.

1839ஆம் ஆண்டு தோன்றிய மிசூரிப் பல்கலைக்கழகம் இந்நகரில்தான் இருந்தது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே எழுந்த முதல் அரசுப் பல்கலைக்கழகம் அது. 1892ஆம் ஆண்டு சனவரியில் அதன் முதன்மைக் கட்டடம் தீக்கிரையாயிற்று. முகப்பின் ஆறு தூண்கள் மட்டும் எஞ்சின. அத்தூண்களை இடிக்காமல் விட்டுவைத்தனர். இன்றும் அப்பல்கலைக்கழகத்தின் அடையாளம் அவையே. அவ்வாண்டிலேயே வில்லியம்ஸ் ஹுல்டா ஹார்னெட் என்பாரை மணந்தார். காலப்போக்கில் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவிலும் உறுப்பினரானார். மாணவராகக் காலடி வைக்காத வளாகத்துள் ஆட்சியாளராக நுழைந்தார்.

நெடுநாள் வழக்கு

இதழியலைக் கல்லூரியில் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் வில்லியம்ஸ் ஒருவர்க்கே உரியதன்று. உள்நாட்டுப் போரில் தோற்ற தென்னகத்தின் படைத்தலைவர் இராபர்ட் லீ, பின்னர் ஒரு கல்லூரியின் தலைவராயிருந்தபோது, 1869ஆம் ஆண்டளவில் அச்சுத்தொழில் பயிலும் இளைஞர்க்கு உதவித்தொகை வழங்கத் திட்டமிட்டார். மிசூரிப் பல்கலைக்கழகத்திலேயே 1878ஆம் ஆண்டு இதழியல் வரலாறு குறித்து வகுப்பு நடந்தது. பென்சில்வேனியாவில் 1893ஆம் ஆண்டும், இல்லினாய்சில் 1904ஆம் ஆண்டும் பாடத்திட்டங்கள் தோன்றின. ஆயினும் இதழியலுக்கென்றே தனி முதல்வர், தனி ஆசிரியர், தனிப் பட்டம் என்று ஒரு முழுப் பள்ளி எங்கும் எழவில்லை.

எதிர்ப்பு பல்கலைக்கழகத்திலிருந்து மட்டும் வரவில்லை. செய்தித்தாள் அலுவலகங்களிலிருந்தும் வந்தது. கல்லூரியில் படித்தவனைச் செய்தி மேசையில் அமர்த்தவே விரும்பாதவர் என்று பெயர் பெற்றவர் நியூயார்க்கின் புகழ்மிக்க ஆசிரியர் ஹொரேஸ் கிரீலி. செய்தியைத் தெருவில்தான் கற்க முடியும், வகுப்பறையில் முடியாது என்பது அவரைப் போன்றோர் கட்சி. பேராசிரியர்களின் கட்சி வேறு. அச்சுத்தொழிலைப் போன்ற கைவினைக்கு இலத்தீனும் தத்துவமும் பயிலும் இடத்தில் என்ன வேலை என்று அவர்கள் முகஞ்சுளித்தனர்.

செல்வமும் செல்வாக்கும் மிக்க ஜோசப் புலிட்சரால்கூட இவ்வெதிர்ப்பை எளிதில் வெல்ல முடியவில்லை. அவரும் மிசூரியின் செயிண்ட் லூயி நகரில் இதழ் நடத்தி உயர்ந்தவரே. 1892ஆம் ஆண்டு நியூயார்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெருநிதி தர முன்வந்தார், அது மறுக்கப்பட்டது. 1903ஆம் ஆண்டு 20 இலட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டும், பள்ளி திறந்தது அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1912இல்தான்.

வில்லியம்சிடம் இலட்சங்கள் இல்லை. அவரிடம் இருந்தவை ஒரு சிற்றூர் இதழும், மாநிலத்து இதழாளர்களின் நம்பிக்கையும், ஆட்சிக் குழுவில் ஓர் இருக்கையுமே. 1904ஆம் ஆண்டு செயிண்ட் லூயி உலகக் கண்காட்சியையொட்டி நடந்த உலக இதழாளர் மன்றத்துக்கு அவர் தலைமை தாங்கினார். அதற்கென முன்னதாகப் பல நாடுகளுக்குச் சென்று செய்தித்தாள் அலுவலகங்களைக் கண்டு வந்திருந்தார். மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் தொழிற்பள்ளி உண்டு. அன்றாடம் இலட்சக்கணக்கானோர் எதை நம்புவது என்று முடிவு செய்யும் இதழாளனுக்கு மட்டும் ஏன் இல்லை என்பது அவர் முன்வைத்த வாதம். ஆண்டுக்கணக்கில் வாதாடியதன் பயனாக ஆட்சிக் குழு இசைந்தது. முதல்வர் பதவி அவரையே தேடி வந்தது.

முதல் நாளே முதல் இதழ்

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் பள்ளி திறந்தது. மாணவர் அறுபதைச் சற்றே கடந்த எண்ணிக்கையினர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். ஆசிரியர் மூவர்: வில்லியம்ஸ், சைலஸ் பென்ட், சார்லஸ் ராஸ். இவர்களுள் ராஸ் பின்னாளில் புலிட்சர் பரிசு பெற்றவர். குடியரசுத் தலைவர் ட்ரூமனின் செய்திச் செயலாளராகப் பணியாற்றி அப்பணியிலேயே மறைந்தவர்.

அன்று நிகழ்ந்த ஒன்றுதான் அப்பள்ளியின் போக்கையே முடிவு செய்தது. வகுப்புகள் தொடங்கிய அதே நாளில் 'யூனிவர்சிட்டி மிசூரியன்' என்னும் செய்தித்தாளின் முதல் இதழ் வெளிவந்தது. அது மாணவர் மட்டும் படிக்கும் வளாக ஏடன்று, நகரத்துக்கான செய்தித்தாள். நீதிமன்றம், காவல் நிலையம், நகராட்சி, சந்தை, திருமணம், இறப்பு ஆகிய அனைத்தையும் மாணவர்களே தேடிச் சென்று எழுதினர். ஆசிரியர்கள் அவற்றைத் திருத்தினர். காசு கொடுத்து வாங்கியவர்கள் மறுநாள் குறை சொல்லினர். வகுப்புத் தேர்வில் பெயரைப் பிழையாக எழுதினால் ஒரு மதிப்பெண் போகும். நகரத் தாளில் பிழையாக எழுதினால் அப்பெயருக்குரியவர் வாயிலில் வந்து நிற்பார். இதனினும் சிறந்த தேர்வாளர் உண்டோ?

இவ்வாறு தெருவையே வகுப்பறைக்குள் கொண்டு வந்ததன் வழியே இரு கட்சியாருக்கும் வில்லியம்ஸ் விடை சொன்னார். தெருவில்தான் கற்க முடியும் என்றவர்களுக்குத் தெருவைக் கொடுத்தார். பல்கலைக்கழகத்துக்கு இது தகுமா என்று வினவியவர்களுக்கு வரலாறு, பொருளியல், இலக்கியம், அரசியல் ஆகியவற்றைப் பட்டப் படிப்பின் பெரும்பகுதியாக வைத்துக் காட்டினார். அச்சுக்கூடத்தில் தாம் கற்றதோடு, தமக்குக் கிடைக்காத கல்லூரிக் கல்வியையும் சேர்த்துத் தம் மாணவர்க்கு வழங்கினார் என்று கருதுவது பொருந்தும்.

சிக்கலும் உடனே எழுந்தது. மாணவர் தாள் விளம்பரம் வாங்கி விற்பனைக்கு வந்ததால், உள்ளூரில் இதழ் நடத்துவோர் வெகுண்டனர். அரசுப் பணத்தைக் கொண்டு தனியார் தொழிலோடு போட்டியிடுவதா என்று கேட்டனர். சட்டமன்றமும் அதற்குச் செவிசாய்த்தது. செய்தித்தாளுக்கு அரசு நிதியைச் செலவிடலாகாது என்று தடை விதித்தது. தாள் நின்றுவிடவில்லை. மாணவர்களைக் கொண்ட தனிச் சங்கம் ஒன்றன் பெயரில், தன் வருவாயில் தானே நடக்கத் தொடங்கியது. அரசுப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டே அரசுப் பணத்தை நம்பாமல் நடந்த தாள் அது. இதழின் தற்சார்பு என்பது வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் கோட்பாடாக இல்லாமல், நாள்தோறும் காகிதத்துக்கும் மைக்கும் காசு தேடும் கவலையாக மாணவர்க்கு விளங்கிற்று. பின்னாளில் 'கொலம்பியா மிசூரியன்' என்று பெயர் மாறி அத்தாள் தொடர்ந்தது.

1909ஆம் ஆண்டு சார்லஸ் ஆர்னால்டு என்பார் இதழியலில் இளநிலைப் பட்டம் பெற்றார். 1910ஆம் ஆண்டு மேரி பாக்ஸ்டன் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணியானார். செய்தித்தாள் அலுவலகத்தில் பெண்ணுக்குச் சமையற் குறிப்பும் ஆடை அலங்காரமுமே உரியவை என்று எண்ணப்பட்ட காலத்தில், தொடக்க நாளிலேயே பெண்ணுக்குக் கதவு திறந்தமை சிறிய செய்தியன்று.

நெறியுரை

1914ஆம் ஆண்டளவில் வில்லியம்ஸ் இதழாளர்க்கென ஒரு நெறியுரையை வகுத்தார். ஒரே பக்கத்தில் அடங்கும் சிறிய உரை. வழிபாட்டில் சொல்லும் நம்பிக்கை அறிக்கையின் வாய்பாட்டில் அது அமைந்திருந்தது. வாசிங்டன் தேசிய இதழாளர் மன்றச் சுவரில் வெண்கலத்தில் பொறிக்கப்பட்டது. பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது.

அதன் சாரத்தை நம் சொற்களில் சுருக்கிச் சொல்லலாம். இதழியல் ஓர் உயர்தொழில். செய்தித்தாள் மக்கள் ஒப்படைத்த அறப்பொருள். அதனோடு தொடர்புடைய யாவரும் அப்பொருளுக்குக் காவலர். அதற்குக் குறைந்த எப்பணியை ஏற்றாலும் அது நம்பிக்கைத் துரோகம். உள்ளத்தில் உண்மையென்று கொண்டதையன்றி எழுதலாகாது. நேரில் நின்று சொல்லக் கூசுவதை எழுத்தில் சொல்லலாகாது. பிறன் தரும் கையூட்டு மட்டுமன்று, தன் பணப்பை தூண்டும் ஆசையும் கையூட்டே. சமுதாய நலன் கருதியல்லாமல் செய்தியை மறைப்பதற்கு நியாயம் கிடையாது. ஆளுங்கூட்டத்தின் ஆரவாரத்துக்கும் வீதிக் கும்பலின் கூச்சலுக்கும் இதழாளன் பணியலாகாது.

இவை மிகையான இலட்சியங்கள் என்று அன்றும் சிலர் நகைத்தனர். இன்றும் நகைப்போர் உளர். அந்நெறியுரை இதழாளனை எப்போதும் ஆண்பாலிலேயே சுட்டுகிறது என்னும் குறையும் பின்னாளில் எடுத்துக் காட்டப்பட்டது. ஆயினும் இத்தொழிலுக்கு அளவுகோல் ஒன்று உண்டு என்பதை அச்சிட்டு மாட்டியவர் அவர். அளவுகோல் மாட்டப்பட்டுவிட்டால் அதை மாட்டியவரும் அதற்கு உட்பட்டவரே.

கடல் கடந்த மாணவர்கள்

வில்லியம்ஸ் ஓயாத பயணி. 1913–14ஆம் ஆண்டுகளில் அறக்கட்டளை ஒன்றன் உதவியோடு உலகைச் சுற்றி, நாடுதோறும் செய்தித்தாள்கள் நடக்கும் முறையை ஆராய்ந்தார். 1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் கூடிய உலக இதழ்ப் பேராயத்துக்குத் தலைவரானார். 1921ஆம் ஆண்டு ஒனலுலுவிலும், 1926ஆம் ஆண்டு செனீவாவிலும் அப்பேராயம் மீண்டும் கூடியது.

சீனாவுடனும் சப்பானுடனும் அவர் வளர்த்த உறவு நெடுநாள் நிலைத்தது. மிசூரியில் பட்டம் பெற்ற ஜான் பவெல் 1917ஆம் ஆண்டு சாங்காய் சென்று, அங்குப் புகழ்பெற்ற வார இதழொன்றை நடத்தினார். அங்குப் பயின்ற ஆலிங்டன் டாங் சீன அரசின் செய்தித் துறையில் உயர்பதவி வகித்தார். எட்கர் ஸ்னோ மிசூரியில் சில காலமே பயின்றவர், பட்டம் பெறவில்லை. அவர் 1928ஆம் ஆண்டு சாங்காய் சேர்ந்து பவெலின் இதழில் எழுதத் தொடங்கினார். மா சே துங்கை நேரில் கண்டு அவர் 1937ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் சீனத்தின் வரலாற்றோடு பிணைந்துவிட்டது. பெய்சிங்கின் யெஞ்சிங் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை காலூன்றுவதற்கும் மிசூரிப் பள்ளி துணை நின்றது. கன்பூசியசின் கோயிலைக் காத்து நின்றவை என்று சொல்லப்படும் இரு கற்சிங்கங்கள் சீனாவின் கொடையாகக் கொலம்பியா வளாகத்துக்கு வந்து, வாயிலின் இருபுறமும் அமர்ந்தன.

1918ஆம் ஆண்டு மனைவி ஹுல்டாவை இழந்த வில்லியம்ஸ், 1927ஆம் ஆண்டு சாரா லாக்வுட் என்பாரை மணந்தார். சாரா அப்பள்ளியிலேயே பயின்று, செய்தித்தாளில் பணியாற்றி, அப்பள்ளிக்கே ஆசிரியையாகத் திரும்பியவர்.

பாலத்தின்மேல் ஒரு சாட்சி

இதுவரை சொன்னவற்றோடு நிறுத்தினால் இக்கட்டுரை வெறும் பாராட்டுரையாகிவிடும். 1923ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் அந்நகரில் நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகக் கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்து வந்த ஜேம்ஸ் ஸ்காட் என்னும் கறுப்பினத்தவர்மீது, பேராசிரியர் ஒருவரின் மகளான சிறுமியைத் தாக்கினார் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை எதுவும் நிகழவில்லை. கும்பல் ஒன்று சிறையை உடைத்து அவரை இழுத்துச் சென்றது. பெருங்கூட்டம் பார்த்து நிற்க, பல்கலைக்கழகத்துக்கு அருகிலிருந்த பாலமொன்றில் அவரைத் தூக்கிட்டுக் கொன்றது. சட்டத்தின் வழி விடுங்கள் என்று மன்றாடியவர் அச்சிறுமியின் தந்தையே. கும்பல் அவரையும் மிரட்டி அடக்கியது.

அப்பாலத்தின்மேல் மிசூரியன் தாளின் மாணவச் செய்தியாளர் ஒருவரும் நின்றிருந்தார். கண்டதைக் கண்டபடி எழுதினார். கயிற்றோடு தொடர்புடையவர் யார் என்பதைப் பின்னர் நீதிமன்றத்திலும் சொன்னார். கும்பலின் கூச்சலுக்குப் பணியலாகாது என்று சுவரில் எழுதப்பட்டிருந்ததை ஓர் இளைஞர் நடத்தையில் காட்டிய தருணம் அது. ஆனால் நடுவர் குழு குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்தது. இதழியல் பள்ளி உண்மையைப் பதிவு செய்ய ஒருவரைப் பயிற்றுவித்திருந்தது. அவ்வுண்மையை ஏற்கும் நகரம் அவரைச் சூழ்ந்திருக்கவில்லை.

பள்ளிக்குள் அடங்காத கவிஞர்

நம் வட்டத்துக் கவிஞர்கள் அறிய வேண்டிய இன்னொரு மாணவர் உண்டு. 1929ஆம் ஆண்டு தாமஸ் லானியர் வில்லியம்ஸ் என்னும் பதினெட்டு வயது இளைஞர் இதழியல் பயிலும் எண்ணத்தோடு மிசூரிக்கு வந்தார். பெயர் ஒற்றுமையன்றி முதல்வர்க்கும் அவருக்கும் உறவில்லை. கவிதையும் கதையும் எழுதிப் போட்டிகளுக்கு அனுப்புவதில் அவர் காட்டிய ஊக்கம் செய்தி வகுப்பில் இல்லை. 1930ஆம் ஆண்டு பல்கலைக்கழக நாடகப் போட்டிக்கு அவர் தந்த ஓரங்க நாடகம் பாராட்டுப் பெற்றது. கட்டாயப் படைப்பயிற்சியில் தேறவில்லை என்று சினந்த தந்தை, 1932ஆம் ஆண்டு படிப்பை நிறுத்திக் காலணி நிறுவனம் ஒன்றில் வேலைக்கு அமர்த்தினார்.

அவரே பின்னாளில் டென்னசி வில்லியம்ஸ் என்று உலகறிந்த நாடக ஆசிரியர். காலணிக் கிடங்கில் கழித்த நாள்களும் வீட்டின் துயரமும் 1944ஆம் ஆண்டு மேடையேறிய 'கண்ணாடி விலங்குகள்' நாடகத்துள் புகுந்தன. 1948ஆம் ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசு கிட்டியது. அவரைத் தக்கவைத்துக் கொள்ளாத மிசூரிப் பல்கலைக்கழகம் 1969ஆம் ஆண்டு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

இதனால் இதழியல் பள்ளி பயனற்றது என்று முடிவு கட்டலாகாது. கவிஞனை ஆக்குவது அதன் வேலையன்று. வாக்குத் தவறாமை, பெயர் தவறாமை, எண் தவறாமை ஆகியவற்றைக் கற்பிக்கலாம். உள்ளத்தின் தனித் துயரைக் கற்பிக்க முடியாது. நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இவ்விரு வில்லியம்சுகளும் ஆளுக்கொரு பாதி விடை.

தலைமையும் மறைவும்

1931ஆம் ஆண்டு வால்டர் வில்லியம்ஸ் மிசூரிப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். மதிப்புறு பட்டங்கள் அவரைத் தேடி வந்திருந்தனவே தவிர, தாமாகப் படித்துப் பெற்ற பட்டம் ஒன்றும் அப்போதும் இல்லை. பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை வாட்டிய ஆண்டுகள் அவை. உழவர் வரி கட்ட இயலாதபோது வரியால் நடக்கும் பல்கலைக்கழகமும் தள்ளாடியது. அந்நெருக்கடியினூடே நிறுவனத்தைக் கலையாமல் காத்தார். 1934ஆம் ஆண்டு இதழியலில் முனைவர் பட்டமும் அங்கு முதன்முறையாக வழங்கப்பட்டது. நோய் முற்றியதால் பதவியிலிருந்து விலகினார். 1935ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் மறைந்தார். 1937ஆம் ஆண்டு அவர் பெயரால் இதழியல் பள்ளிக்குப் புதிய கட்டடம் எழுந்தது.

திறவாத கதவு

அவர் முதல்வராக இருந்த காலம் முழுவதும் கறுப்பின மாணவர் ஒருவர்கூட அப்பள்ளியில் சேர்க்கப்படவில்லை. வெள்ளையர்க்கும் கறுப்பினத்தார்க்கும் தனித்தனிக் கல்வி என்பது அம்மாநிலத்தின் சட்டம். சப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் கடல் கடந்து வந்தோர் அமர்ந்த வகுப்பில், அதே மாநிலத்தில் வரி செலுத்திய கறுப்பினத்தாரின் பிள்ளைகள் அமர முடியவில்லை. வில்லியம்ஸ் அவ்வேலிக்குள்ளேயே தம் பள்ளியைக் கட்டினார், அவ்வேலிக்குள்ளேயே நடத்தினார்.

அவர் மறைந்த நான்காம் ஆண்டாகிய 1939இல் அவ்வேலியைத் தட்டியவர் லூசில் புளூஃபோர்டு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் பட்டம் பெற்றவர். கான்சாஸ் சிட்டியில் கறுப்பினத்தார் நடத்திய 'தி கால்' இதழில் பணியாற்றியவர். மேற்படிப்புக்கு மிசூரிக்கு விண்ணப்பித்தார். தகுதியைக் கண்டு அஞ்சல் வழியே இடம் தந்தனர். பதிவு செய்ய நேரில் வந்தபோது, நிறத்தைக் கண்டு மறுத்தனர். அவர் வழக்குத் தொடுத்தார். மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். 1941ஆம் ஆண்டு மாநில உச்சநீதிமன்றம், கறுப்பினத்தார்க்குரிய லிங்கன் பல்கலைக்கழகத்தில் அப்பாடம் ஏற்படுத்தப்படாவிடில் அவரை மிசூரியில் சேர்க்க வேண்டும் என்று கருதியது. உடனே லிங்கனில் தனி இதழியல் பள்ளி தொடங்கப்பட்டது. மாணவர் குறைவைக் காரணங்காட்டி மிசூரி தன் மேற்படிப்பையே மூடியது. ஒருவரை உள்ளே விடாதிருக்க வகுப்பையே பூட்டினர் என்று உலகம் பேசிற்று. 1950ஆம் ஆண்டுதான் அப்பல்கலைக்கழகத்தின் கதவு கறுப்பினத்தார்க்குத் திறந்தது.

புளூஃபோர்டு அப்பள்ளியில் ஒரு நாளும் பயிலவில்லை. ஆனால் 'தி கால்' இதழின் ஆசிரியராகி, 2003ஆம் ஆண்டு மறையும் வரையில் அதனோடு வாழ்ந்தார். மிசூரி இதழியல் பள்ளி 1984ஆம் ஆண்டு தன் சிறப்புப் பதக்கத்தையும், பல்கலைக்கழகம் 1989ஆம் ஆண்டு மதிப்புறு முனைவர் பட்டத்தையும் அவருக்கு வழங்கின. அவற்றைத் தமக்காக மட்டுமன்றி, அக்கதவு தடுத்த அனைவர் சார்பிலும் அவர் ஏற்றுக்கொண்டார் என்று கருதுவதே முறை.

செய்தித்தாள் மக்கள் ஒப்படைத்த அறப்பொருள் என்று எழுதினார் வில்லியம்ஸ். மக்கள் என்னும் அச்சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று கேட்டார் புளூஃபோர்டு. எழுதியவர் தம் காலத்துக்குள் நின்றுவிட்டார். எழுத்து அவரைக் கடந்து நடந்து, அவர் பள்ளியையே கூண்டில் ஏற்றியது. அவர் பெருமையைக் குறைப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. அறுபது மாணவரோடும் மூன்று ஆசிரியரோடும் அவர் தொடங்கிய முறை உலகெங்கும் பரவி, இதழியல் வகுப்பு இல்லாத பெரும் பல்கலைக்கழகம் அரிது என்னும் நிலை வந்ததற்கு அவர் முதன்மைக் காரணர். அக்கடனை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

நம் வட்டத்துக் கவிஞருள்ளும் பகலில் செய்தி திருத்தி இரவில் கவிதை எழுதுவோர் உண்டு. மெய்ப்பின்மேல் குனிந்திருக்கும் வேளையில், தாயும் தந்தையுமின்றி ஈய எழுத்தைப் பிரித்துப் போட்ட பூன்வில் சிறுவனை அவர்கள் நினைக்கட்டும். தகுதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதிவு மேசையின் முன் நின்ற அந்தப் பெண்மணியையும் நினைக்கட்டும்.